ரூட் 66: நான்கு நாளில் எந்தப் பகுதி?

கேள்வி: வரும் மார்ச் மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் பணிபுரியும் மகளிடம் செல்கிறோம். ரூட் 66 என்னும் பழைய நெடுஞ்சாலையில் காரில் போக வேண்டும் என்பது என் கணவரின் நெடுநாள் ஆசை. மகளுக்கு நான்கு நாள் விடுப்புதான் கிடைக்கும். எந்தப் பகுதியைப் பார்த்தால் மனம் நிறையும்?

பதில்: முழுச் சாலைக்கும் ஆசைப்பட வேண்டாம். 1926-இல் எண் பெற்ற அந்தச் சாலை, சிகாகோ முதல் சாண்டா மோனிகா வரை எட்டு மாநிலங்களைக் கடந்து ஏறத்தாழ 3,900 கி.மீ. நீண்டிருந்தது. அதில் பல பகுதிகள் இன்று விரைவுச்சாலைக்கு அடியில் புதைந்துவிட்டன. பழைய தடம் அறுபடாமல் கிடைக்கும் இடம் மேற்கு அரிசோனா. டோபாக் முதல் செலிக்மன் வரையுள்ள சுமார் 250 கி.மீ. தொலைவையே உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.

கொலராடோ ஆற்றைத் தாண்டி மலைப்பக்கம் சென்றால் வரும் ஊர் ஓட்மன். தங்கச் சுரங்கங்களால் செழித்திருந்த இவ்வூரின் தெருக்களில் கழுதைகள் தம் விருப்பம்போல் உலவுகின்றன. சுரங்கத் தொழிலாளர்கள் விட்டுச்சென்ற பொதிகழுதைகளின் வழித்தோன்றல்கள் அவை. குட்டிகளுக்கு மட்டும் தின்பண்டம் எதுவும் கொடுக்காதீர்கள். அடுத்து வரும் சிட்கிரீவ்ஸ் கணவாயின் கொண்டையூசி வளைவுகளில் நாற்பது அடிக்கு மேற்பட்ட நீளமுள்ள வண்டிகளுக்கு அனுமதி இல்லை. எரிபொருள் தானாக வழிந்து எஞ்சினுக்கு இறங்கும் அமைப்பு கொண்ட அந்தக் காலத்துக் கார்கள், செங்குத்தான ஏற்றத்தில் அது தடைப்படும் என்பதால் பின்னோக்கியே மலையேறின. உங்கள் கணவர் அந்த இடத்தைத் தவறவிடக் கூடாது.

கிங்மனுக்கு அப்பால் ஹாக்பெரியில் உள்ள பழைய கடையையும், ஹுவாலபாய் பழங்குடியினரின் தலைமையிடமான பீச் ஸ்பிரிங்ஸையும் கடந்து செலிக்மனை அடைவீர்கள். எனக்கு மிகவும் நெருக்கமான ஊர் இதுதான். 1978 செப்டம்பரில் 40-ஆம் எண் விரைவுச்சாலை இவ்வூரை ஒதுக்கிச் சென்றபோது, அதுவரை ஓயாமல் வந்துகொண்டிருந்த வண்டிகள் ஏறக்குறைய ஒரே நாளில் நின்றுபோயின. 1985-இல் சாலையின் எண்ணே நீக்கப்பட்டது. அதற்குப் பிறகும் ஊரைக் கைவிடாமல், ஏஞ்சல் டெல்கடில்லோ என்னும் முடிதிருத்துநர் 1987-இல் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிச் சங்கம் அமைத்து, தம் பகுதிச் சாலையை வரலாற்றுச் சாலையாக அறிவிக்குமாறு மாநில அரசை வலியுறுத்தி வெற்றி கண்டார். பிற மாநிலத்தவரும் அவர் வழியைப் பின்பற்றினர். வண்ணம் பூசிய பழைய கார்களையும் கடைவாசல் பொம்மைகளையும் பார்க்கும்போது, போகிறவர்களை ஒரு நிமிடமாவது நிறுத்தி ஊரைப் பிழைக்கவைக்க முயன்றவர்களின் உழைப்பு அவை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நாள் மிஞ்சினால் வில்லியம்ஸ் வரை சென்று, அங்கிருந்து வடக்கே சுமார் 95 கி.மீ. தொலைவிலுள்ள கிராண்ட் கேன்யனையும் பார்த்துவிடலாம்.

கேள்வி: அலைபேசி வரைபடம் எங்களை விரைவுச்சாலைக்கே திருப்பிவிடாதா?

பதில்: திருப்பிவிடும், ஏனெனில் அது விரைவான வழியையே தேடும். ஆகவே சென்று சேரும் இடத்தை மட்டும் குறிப்பிடாமல், ஓட்மன், கிங்மன், ஹாக்பெரி, பீச் ஸ்பிரிங்ஸ், செலிக்மன் என ஊர் ஊராகப் பதிவு செய்யுங்கள். வழியில் பல இடங்களில் அலைபேசித் தொடர்பு கிடைக்காது என்பதால் வரைபடத்தை முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்வதும், கிங்மனிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்வதும் அவசியம்.