கலஹாரியில் ஜூலையா, பிப்ரவரியா?

கேள்வி: போட்ஸ்வானாவின் மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகத்தை ஒட்டிய சஃபாரி லாட்ஜில் ஜூலையில் தங்கலாமா? என்ன எடுத்துப் போவது?

பதில்: தங்கலாம். ஆனால் விலங்குகளைக் கண்குளிரப் பார்க்க ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் சரி. மழைக்குப்பின் காப்பகத்துக்குள் இருக்கும் டிசெப்ஷன் பள்ளத்தாக்கின் பழைய ஆற்றுப்படுகையில் குட்டைப்புல் தளிர்க்கும். ஸ்பிரிங்பாக், ஜெம்ஸ்பாக் மான்கள் அங்கே கூடும், கரும்பிடரிச் சிங்கங்கள் பின்தொடரும். களிமண் படுகையில் வண்டி புதைவதும் அப்போதுதான்.

ஜூலை அங்கே வறண்ட குளிர்காலம், மான்கள் சிதறிவிடும். விடியற்காலைக் குளிர் உறைநிலைக்கும் கீழே இறங்கும். திறந்த ஜீப்பில் காது விறைத்துப்போகும். கம்பளித் தொப்பி, கையுறை, காற்றுபுகா ஜாக்கெட் கட்டாயம். உள்ளே ஒரே தடித்த ஸ்வெட்டர் வேண்டாம். மெல்லியதாக இரண்டு மூன்று போட்டால், வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம்.

மவுன் நகரிலிருந்து சிறுவிமானத்தில் போனால் பெரும்பாலும் கைப்பையோடு சேர்த்து 20 கிலோதான். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அதன் சாமான் அறைக்குள் நுழையாது, துணிப்பையே எடுங்கள்.