நான்கு நாடு, ஒரே கார்: வடக்கு ஐரோப்பியப் பயணக் கேள்விகளுக்குப் பதில்கள்

டென்மார்க், ஸ்வீடன், நார்வே, பின்லாந்து, அப்புறம் எஸ்டோனியா, லாத்வியா போன்ற பால்டிக் நாடுகள் எனக் கார் பயணம் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் முக்கியமானவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

12 நாள் விடுமுறை. கோபன்ஹேகனில் இறங்கி ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி, தாலின், ஓஸ்லோ, பெர்கன் எல்லாம் காரில் பார்த்துவிட்டுத் திரும்ப கோபன்ஹேகன் வர வேண்டும். முடியுமா? (சென்னை)

ஓட்டி முடிக்கலாம். ஆனால் ஊரைவிட சாலையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். கோபன்ஹேகனிலிருந்து ஸ்டாக்ஹோம் மட்டுமே சுமார் 650 கிலோமீட்டர். அங்கிருந்து ஹெல்சிங்கிக்கு ஒரு இரவு முழுக்கக் கப்பல். நார்வேயில் ஊருக்கு வெளியே பொது வேக வரம்பு 80. ஓஸ்லோவிலிருந்து பெர்கன் 460 கிலோமீட்டர்தானே என்று நினைப்போம். சாப்பாட்டுக்கும் படம் எடுக்கவும் நிற்காமல் போனாலே ஏழு மணி நேரம் ஆகும். இந்தப் பக்கம் கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போடக் கூடாது, மணிக் கணக்கை வைத்துத்தான் போட வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல் இருந்தால் பயணம் பயணமாக இருக்கும்.

இதை மேற்குச் சுற்று, கிழக்குச் சுற்று என்று இரண்டாகப் பிரியுங்கள். 12 நாளுக்கு நான் மேற்கைத்தான் சொல்வேன். கோபன்ஹேகனில் இரண்டு இரவு, கார் இல்லாமல். அந்த ஊரில் காருக்கு வேலையே இல்லை, கிளம்பும் காலையில் எடுத்தால் போதும். அங்கிருந்து ஹெல்சிங்கோர் போய் குரோன்போர்க் கோட்டையைப் பார்த்துவிட்டு, 20 நிமிட ஃபெரியில் ஸ்வீடனின் ஹெல்சிங்போரி. இரவு கோத்தன்பர்க். மறுநாள் வழியில் தானும் என்ற இடத்தில் வெண்கலக் கால மனிதர்கள் பாறையில் செதுக்கிய படகுகளும் வேட்டைக்காரர்களும் இருக்கிறார்கள். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடம், நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே. பலர் தெரியாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். ஓஸ்லோவில் இரண்டு இரவு, செங்குத்து மலைகளுக்கு நடுவே கடல் நுழையும் ஃபியோர்டு பகுதியில் ஒர்லான்ட் பக்கம் இரண்டு, பெர்கனில் இரண்டு, ஸ்டவாங்கரில் ஒன்று. கிறிஸ்டியன்சான்ட் துறைமுகத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் கப்பலில் போனால் டென்மார்க்கின் ஹிர்ட்ஷால்ஸ். ஆல்போர்க்கில் கடைசி இரவு, மறுநாள் கோபன்ஹேகன். மொத்தம் 11 இரவு.

அந்தக் கப்பலை முதலில் பதிவு செய்யுங்கள், விடுதிகளை அதற்கு ஏற்ப அமைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் காருக்கான இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நான்கு நாடு போகிறோம். விசாவை எந்த நாட்டுத் தூதரகத்தில் கேட்பது? (கோவை)

அதிக இரவு தங்கும் நாட்டில். மேலே சொன்ன வழியில் நார்வேயில் ஏழு இரவு வருகிறது, ஆகவே நார்வே. அது ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்றாலும், பொது விசா உள்ள ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கனில் இருக்கிறது. ஒரே விசா போதும். இரவுகள் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடைக்கு அந்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். விடுதிப் பதிவுகளும் கப்பல் டிக்கெட்டும் நீங்கள் எழுதிக் கொடுக்கும் வழித்திட்டத்தோடு தேதிக்குத் தேதி பொருந்த வேண்டும். லண்டனிலிருந்து கேட்ட வாசகருக்கு: பிரிட்டனில் வசிக்கும் அனுமதி கையில் இருந்தாலும் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தேவைதான்.

இந்திய லைசென்ஸ் செல்லுமா? வலப்பக்கம் ஓட்டிப் பழக்கமே இல்லை. (திருச்சி)

உங்கள் ஊர் ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள். ஒரு வருடம் செல்லும். அதோடு அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வாடகை நிறுவனத்தின் மேசையில் சாவி கிடைக்காமல் போகலாம். ஆட்டோமேட்டிக் கார் சற்று விலை கூடினாலும் அதையே எடுங்கள். இடக்கையால் கியர் போட்டுப் பழகியவர் வலக்கையால் போடுவதையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டாம்.

வலப்பக்கம் ஓட்டுவதில் நெடுஞ்சாலை பயமில்லை, முன்னால் போகும் வண்டியே வழி காட்டிவிடும். தவறு நடப்பது காலையில் காலியான சின்னச் சாலையில் கிளம்பும்போதும், பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போதும்தான். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் "வலது, வலது" என்று சொல்லட்டும். ரவுண்டானாவில் இடமிருந்து வருபவருக்கு வழி விடுங்கள். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலமிருந்து வருபவருக்கு. டென்மார்க்கில் இன்னொன்று: வலது பக்கம் திரும்புமுன் தலையை நன்றாகத் திருப்பிப் பின்னால் பாருங்கள். காருக்கும் நடைபாதைக்கும் நடுவே சைக்கிள் பாதை ஓடும், நேரே போகும் சைக்கிளுக்குத்தான் முன்னுரிமை. அவர்கள் வேகத்தைக் குறைக்க மாட்டார்கள், குறைக்க வேண்டியது நீங்கள்.

ஸ்வீடனே 1967 செப்டம்பர் 3 வரை இடப்பக்கம் ஓட்டிய நாடு. ஒரே நாளில் முழு நாடும் மாறியிருக்கிறது, நீங்களும் இரண்டு நாளில் பழகிவிடுவீர்கள்.

பகலிலும் முன் விளக்கு எரிய வேண்டும். மதுவுக்கான அளவு நார்வே, ஸ்வீடனில் 0.02 சதவீதம், அதாவது ஓட்டுபவர் ஒரு கோப்பைகூடக் குடிக்கக் கூடாது. 135 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைவான குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம்.

மனைவிக்கு நள்ளிரவுச் சூரியன், எனக்கு வடதுருவ ஒளி. ஒரே பயணத்தில் இரண்டும்? (பெங்களூரு)

கிடைக்காது. வானம் இருட்டினால்தான் வண்ணத் திரைபோல வானில் அசையும் அந்த ஒளி கண்ணுக்குத் தெரியும். வட நார்வேயின் டிராம்சோவில் மே பிற்பகுதி முதல் ஜூலை பிற்பகுதி வரை சூரியன் மறைவதே இல்லை. யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு வழி வேண்டும் என்றால் செப்டம்பர் முதல் பாதி: இரவு திரும்பியிருக்கும், லாப்லாந்தில் (பின்லாந்து, ஸ்வீடனின் வடகோடி) இலைகள் சிவந்திருக்கும், மலைச் சாலைகள் பெரும்பாலும் திறந்திருக்கும், கூட்டமும் இல்லை.

என் அம்மாவுக்கு சுரங்கப்பாதை என்றாலே மூச்சு முட்டும். நார்வேயில் 24 கிலோமீட்டர் சுரங்கம் இருக்கிறதாமே? (யாழ்ப்பாணம்)

இருக்கிறது. லேர்டால் சுரங்கம், 24.5 கிலோமீட்டர், 2000-ல் திறந்தது. உலகிலேயே நீளமான சாலைச் சுரங்கம். ஓஸ்லோ–பெர்கன் வழியில் ஒர்லான்டுக்கும் லேர்டாலுக்கும் நடுவே வரும். கடக்க 20 நிமிடம் ஆகும். கட்டியவர்கள் இந்தப் பயத்தை யோசித்தே கட்டியிருக்கிறார்கள். ஒரே இருட்டுக் குழாயாக இல்லாமல், உள்ளே மூன்று இடங்களில் பாறையைப் பெரிய குகை போல அகலமாகக் குடைந்து, மேலே நீல விளக்கும் தரையோரம் மஞ்சள் விளக்கும் போட்டிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் விடியற்காலை வானம் மாதிரி தெரியும். அந்த இடங்களில் வண்டியைத் திருப்பவும் இடம் உண்டு. அம்மாவிடம் "மூன்று நீலம் வரும், அப்புறம் வெளிச்சம்" என்று முன்கூட்டியே சொல்லி, எண்ணிக்கொண்டே வரச் சொல்லுங்கள்.

கோடையில் போனால் சுரங்கத்தையே தவிர்க்கலாம். அதே இரண்டு ஊருக்கும் மேலே மலை வழியாகப் பழைய சாலை இருக்கிறது, 1,306 மீட்டர் உயரம் வரை ஏறும். ஜூனில்கூடச் சாலையோரம் பனிச்சுவர் நிற்கும். ஒர்லான்ட் பக்கம் ஏறும்போது ஸ்டேகஸ்டைன் என்ற பார்வை மேடை வரும். ஃபியோர்டுக்கு 650 மீட்டர் மேலே, மலையை விட்டு 30 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரப் பாலம் அது. முனையில் கண்ணாடித் தடுப்பு மட்டும்தான். சுரங்கத்துக்குப் பயப்படுபவர் உயரத்துக்குப் பயப்படாமல் இருந்தால் இதுதான் சரியான வழி. சாலை குறுகல், எதிரே வண்டி வந்தால் ஒதுங்கும் இடம் வரை பின்னால் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். பெரிய கேரவன் வண்டியோடு போக வேண்டாம்.

பெர்கனிலிருந்து ஸ்டவாங்கர் போகும் வழியில் கடலுக்கு அடியிலும் சுரங்கம் உண்டு என்பதையும் அம்மாவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

டோல், பாலம், ஃபெரி எல்லாம் சேர்த்தால் செலவு எகிறுமா? (லண்டன்)

எகிறும், ஆனால் தெரிந்து போனால் அதிர்ச்சி இருக்காது. நார்வேயில் டோல் சாவடியே இருக்காது. கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துவிடும், வாடகை நிறுவனம் சில வாரம் கழித்து உங்கள் கார்டில் பிடிக்கும். ஸ்டாக்ஹோம், கோத்தன்பர்க் நகர நெரிசல் வரியும் இப்படித்தான். கார் எடுக்கும்போதே "டோலுக்கு மேல் நீங்கள் கையாளும் கட்டணம் எவ்வளவு" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கோபன்ஹேகனையும் மால்மோவையும் இணைக்கும் ஓரெசுந்த் பாலத்துக்கும், டென்மார்க்கின் உள்ளேயே இருக்கும் 18 கிலோமீட்டர் ஸ்டோரபெல்ட் பாலத்துக்கும் தனிக் கட்டணம்.

இவற்றைவிடப் பெரிய செலவு பலர் கண்ணில் படுவதில்லை: ஒரு நாட்டில் எடுத்த காரை இன்னொரு நாட்டில் விடுவதற்கான கட்டணம். சில சமயம் வாடகையையே தாண்டிவிடும். அதனால்தான் எடுத்த ஊருக்கே திரும்பும் சுற்றாக எப்போதும் சொல்கிறேன். பால்டிக் நாடுகளுக்குக் காரைக் கொண்டுபோக எல்லா நிறுவனமும் சம்மதிக்காது. அனுமதி ஒப்பந்தத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும். வாய் வார்த்தை விபத்துக்குப் பிறகு உதவாது.

கிழக்குச் சுற்றை விரும்புகிறோம்: ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி, தாலின், ரிகா. எதைக் கவனிக்க வேண்டும்? (சிங்கப்பூர்)

நல்ல தேர்வு, செலவும் குறைவு. ஸ்டாக்ஹோமிலிருந்து பின்லாந்தின் துர்க்கு துறைமுகத்துக்குக் கப்பலில் சுமார் 11 மணி நேரம், அங்கிருந்து ஹெல்சிங்கிக்குக் காரில். பகல் கப்பலில் போங்கள். ஆயிரக்கணக்கான தீவுகளுக்கு நடுவே ஊர்ந்து போகும், மேல்தளத்தை விட்டு இறங்கவே மனம் வராது. நடுவில் ஓலான்ட் தீவுகளில் கப்பல் சற்று நேரம் நிற்கும். அந்தத் தீவுகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் வரி எல்லைக்கு வெளியே இருப்பதால், அங்கே தொட்டுப் போனால்தான் கப்பலில் வரியில்லாக் கடை நடத்தலாம். கார் தளத்தைப் பயணத்தின்போது பூட்டிவிடுவார்கள், ஆகவே மருந்து, ஸ்வெட்டர், குழந்தையின் பை எல்லாவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பின்லாந்திலும் பால்டிக் நாடுகளிலும் கடிகாரம் ஸ்வீடனைவிட ஒரு மணி நேரம் முன்னால். திரும்பும் கப்பலுக்கு இந்தக் கணக்கு முக்கியம். ஹெல்சிங்கி–தாலின் இரண்டு மணி நேரம். எஸ்டோனியாவின் தாலினிலிருந்து லாத்வியாவின் ரிகா சுமார் 310 கிலோமீட்டர், வழியில் பார்னு கடற்கரையில் மதியச் சாப்பாடு. பின்லாந்தில் தொடங்கி ரிகா வரை எல்லா இடத்திலும் யூரோ.

பெற்றோர் சைவம். சமைத்துச் சாப்பிட முடியுமா? ஊரிலிருந்து என்ன கொண்டுபோகலாம்? (மதுரை)

விடுதி அறையை விட, சுற்றுலாப் பயணிகளுக்கான கேம்பிங் இடங்களில் கிடைக்கும் மரக்குடிலை எடுங்கள். அடுப்பு, பாத்திரம், குளிர்பெட்டி இருக்கும். படுக்கை விரிப்புக்குப் பெரும்பாலும் தனிக் காசு. கிளம்பும்போது கூட்டித் துடைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம்.

பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் கொண்டுபோங்கள். நெய், பால்கோவா, தயிர் போன்ற பால் பொருள் எதுவும் வேண்டாம், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் கூடாது, காயவைத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். நார்வேயில் ஞாயிறன்று பெரிய கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஜூன் மூன்றாம், நான்காம் வாரத்தில் வரும் மத்தியகோடைப் பண்டிகைக்கு ஸ்வீடனும் பின்லாந்தும் அடங்கிவிடும். மால்மோவில் நின்றால் ஃபலாஃபல் சாப்பிடுங்கள், அந்த ஊரின் பெருமையே அதுதான்.

மூஸ் மான் பலகையை வழியெங்கும் பார்த்தோம். உண்மையிலேயே ஆபத்தா? (ஹெல்சிங்கியில் படிக்கும் மாணவி)

உண்மையிலேயே. ஒரு வளர்ந்த ஆண் மூஸ் 500 கிலோவை எட்டலாம். கால்கள் நீளம் என்பதால் காரின் பம்பர் காலில் மட்டும் மோதும், உடல் நேராகக் கண்ணாடியில் வந்து விழும். அந்தி சாயும் நேரமும் விடியும் நேரமும்தான் அவை அதிகம் சாலையைக் கடக்கும். அந்த நேரத்துக்குள் தங்கும் இடத்தை அடைவதுபோல நாளை அமையுங்கள். ஒன்று கடந்துவிட்டது என்று வேகமெடுக்காதீர்கள், பின்னால் குட்டி வரும். லாப்லாந்தில் கலைமான்களும் இப்படித்தான், கூட்டமாக வரும், ஹாரனுக்கு நகராது, நிறுத்திக் காத்திருங்கள். மோதி மனிதர் அடிபட்டால் எண் 112; ஸ்வீடன், பின்லாந்தில் விலங்கு மட்டும் அடிபட்டாலும் அதே எண்.

ஸ்வீடனில் பார்க்கிங் பலகை புரியவில்லை, அபராதம் வந்துவிட்டது. (மும்பை)

அதில் மூன்று வரி நேரம் இருக்கும். அடைப்புக்குறி இல்லாத கறுப்பு அல்லது வெள்ளை எண்கள் வார நாளுக்கு. அடைப்புக்குறிக்குள் இருப்பது சனிக்கிழமைக்கும் விடுமுறைக்கு முந்தைய நாளுக்கும். சிவப்பு எண்கள் ஞாயிறுக்கும் விடுமுறைக்கும். டென்மார்க்கில் பல இடங்களில் பார்க்கிங் இலவசம்தான், ஆனால் வந்த நேரத்தைக் காட்டும் அட்டைக் கடிகாரத்தை முன் கண்ணாடியில் வைக்க வேண்டும். வாடகைக் காரில் அது இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். இல்லாவிட்டால் எந்தப் பெட்ரோல் பங்கிலும் கிடைக்கும்.