வரைபடம் தரவுத்தளத்துக்கு உள்ளேயா, வெளியேயா?

கணினிப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டத்து இளைஞர்கள் சேர்ந்து லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பீலிக்கரைகள் (தண்ணீர் பிடிக்கும் இடங்கள்), ஓடைகள் ஆகியவற்றை, இட விவரங்களைச் சேமிக்கும் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளம் ஒன்றில் பதிந்து வருகிறோம். அதனுடன் விண்வெளியிலிருந்து ராடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவையும் ஸ்கேன் செய்த பழைய தோட்டப் படங்களையும் சேர்க்க எண்ணி, கோப்புகளை உள்ளே ஏற்றாமல் அவை இருக்கும் இடத்தை மட்டும் குறிக்கும் முறையில் என் மடிக்கணினியிலிருந்து பதிந்தேன். படத் துண்டுகளின் எல்லைகள் சரியாகத் தெரிகின்றன. ஓர் இடத்தின் உயரத்தைக் கேட்டால் மட்டும் பிழை வருகிறது. எல்லாவற்றையும் உள்ளேயே ஏற்றிவிடுவது நல்லதா? (வாசகர், ஹட்டன்)

பதில்: உங்கள் பிழைக்கான காரணம் நீங்கள் எழுதிய விவரத்திலேயே இருக்கிறது. படக் கோப்புகளைத் தரவுத்தளத்தில் பதியும் ராஸ்டர்2பிஜிஎஸ்கியூஎல் கருவியைப் பெரிய ஆர் (-R) தெரிவுடன் இயக்கும்போது, படத்தின் அகலம், உயரம், மூலைப்புள்ளி, பிக்சல் அளவு ஆகியவை தரவுத்தளத்துக்குள் எழுதப்படுகின்றன. பிக்சல்களின் மதிப்புகளுக்குப் பதிலாகக் கோப்பின் பாதை மட்டுமே எழுதப்படுகிறது. ஆகவே எல்லையைக் கேட்டால் கோப்பைத் திறக்காமலே விடை கிடைத்துவிடும். ஓரிடத்துப் பிக்சலின் மதிப்பைத் தரும் எஸ்டி_வேல்யூ கொண்டு உயரத்தைக் கேட்கும்போதுதான் சேவையகம், அதாவது தரவுத்தளம் இயங்கும் கணினி, அந்தப் பாதையைத் தேடிச் செல்கிறது. நீங்கள் பதிந்ததோ உங்கள் மடிக்கணினியில் உள்ள பாதை. அப்படியொரு பாதை சேவையகத்தில் இருக்க வழியில்லை. கோப்புகளைச் சேவையகத்துக்கு நகர்த்தி, தரவுத்தளத்தை இயக்கும் பயனர் கணக்குக்கு அவற்றைப் படிக்கும் அனுமதியும் கொடுத்து, அங்கிருந்தே முழுப்பாதையுடன் மீண்டும் பதியுங்கள்.

அதன் பிறகும் பிழை வந்தால் வியக்க வேண்டாம். தரவுத்தளத்தின் வழியாக யாரும் சேவையகத்துக் கோப்புகளைத் துழாவிவிடக் கூடாது என்பதற்காக, வெளிக்கோப்புகளைப் படிக்கும் வசதியும் படக் கோப்பு வகைகளைத் திறக்க உதவும் ஜிடால் நிரலகத்தின் இயக்கிகளும் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். போஸ்ட்ஜிஐஎஸ்.எனேபிள்_அவுட்டிபி_ராஸ்டர்ஸ், போஸ்ட்ஜிஐஎஸ்.ஜிடால்_எனேபிள்ட்_டிரைவர்ஸ் ஆகிய இரு அமைப்புகளையும் உங்கள் தரவுத்தளத்துக்கு இயக்கிவிட்டு, இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணையுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் இயக்கிவிட்டு அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு.

இனி உள்ளேயா வெளியேயா என்ற கேள்விக்கு வருவோம். உங்கள் இரண்டு வகைத் தரவுக்கும் ஒரே விடை பொருந்தாது. எஸ்ஆர்டிஎம் தரவின் ஒரு கோப்பு 3601 வரிசை, 3601 நிரல் கொண்டது. பிக்சலுக்கு 2 பைட் என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 26 மெகாபைட்தான். ஹட்டனும் நுவரெலியாவும் பண்டாரவளையும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். கண்டியும் வேண்டுமானால் வடக்கே அடுத்துள்ள கோப்பும், பதுளையும் வேண்டுமானால் கிழக்கே அடுத்துள்ள கோப்பும் தேவைப்படும். இவ்வளவு சிறிய, அடிக்கடி கேள்விக்கு உட்படுகிற தரவைத் தயங்காமல் உள்ளே ஏற்றுங்கள். முழுக் கோப்பையும் அட்டவணையின் ஒரே வரிசையாக ஏற்றிவிடாமல் 256க்கு 256 பிக்சல் துண்டுகளாக வெட்டினால் அட்டவணையில் 225 வரிசைகள் கிடைக்கும். வலது ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் 17 பிக்சல் மட்டுமே கொண்ட ஒல்லித் துண்டுகள் வரும், அதனால் கேடு ஒன்றுமில்லை. பெரிய ஐ (-I) தெரிவைச் சேர்த்தால், இடத்தைக் கொண்டு விரைவாகத் தேட உதவும் இடஞ்சார் குறியீடும் உருவாகும். அப்போது ஒரு லயத்தின் உயரத்தைக் கேட்டால் அந்த லயம் விழுகிற துண்டை மட்டும் திறந்தால் போதும்.

ஸ்கேன் செய்த படங்களின் கணக்கு வேறு. 60 சென்றிமீற்றருக்கு 40 சென்றிமீற்றர் தாளொன்றை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால், சுருக்காத நிலையில் ஏறத்தாழ 100 மெகாபைட் வரும். அந்தப் படத்திடம் நீங்கள் எண்ணால் விடை கேட்கப் போவதில்லை. லயங்களுக்கு அடியில் பின்னணியாக விரித்துப் பார்க்கத்தான் போகிறீர்கள். அதற்குக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் நேரடியாகக் கோப்பைத் திறப்பதே விரைவானது. ஆகவே இவற்றைச் சேவையகக் கோப்புறையில் ஜியோடிஃப்பாக (இட விவரமும் சேர்ந்த படக் கோப்பாக) வைத்துவிட்டு, தரவுத்தளத்தில் ஒவ்வொரு தாளின் எல்லை, ஆண்டு, அளவுத்திட்டம், கோப்புப் பெயர் ஆகியவற்றைக் கொண்ட சாதாரண அட்டவணை ஒன்றை வைத்திருந்தால் போதும் என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: தரவுத்தளத்துக்கான பிஜி_டம்ப் கருவி எடுக்கும் காப்புப்பிரதியில் வெளிக்கோப்புகள் சேராது. அந்தக் கோப்புறைக்குத் தனிக் காப்பு எடுக்க வேண்டும்.

லயங்கள் செங்குத்தான சரிவில் உள்ளனவா என்று பார்ப்பதே உங்கள் நோக்கமாயின், ஓர் எச்சரிக்கை. எஸ்ஆர்டிஎம் பிக்சல் ஏறத்தாழ 30 மீற்றர். ஒரு லயமும் அதன் பின்னால் வெட்டப்பட்ட மண்மேடும் சேர்ந்து ஒரே பிக்சலுக்குள் மறைந்துவிடலாம். எந்த மலையை முதலில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்ய அது உதவும். இந்த லயத்தில் குடியிருக்கலாமா என்பதற்குத் மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் நேரடி மதிப்பீடே தேவை.

கேள்வி: முதல் உயரக் கோப்பு நன்றாக ஏறியது. பக்கத்துக் கோப்பை அதே அட்டவணையில் சேர்க்க முயன்றால், நிபந்தனை மீறல் என்று மறுக்கிறது. (வாசகி, கண்டி)

பதில்: முதல் தடவை ராஸ்டர்2பிஜிஎஸ்கியூஎல் கருவிக்குப் பெரிய சி (-C) தெரிவைக் கொடுத்திருப்பீர்கள். அது அட்டவணையின் மொத்தப் பரப்பெல்லையையும் நிபந்தனையாகப் பூட்டிவிடும். புதிய கோப்பு அந்த எல்லைக்கு வெளியே விழுகிறது. அந்த ஒரு நிபந்தனையை நீக்கிவிட்டுக் கோப்பைச் சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை சிறிய எக்ஸ் (-x) தெரிவையும் முதலிலேயே கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இராது.

கேள்வி: நில அளவைத் திணைக்களத்தின் பழைய தாளொன்றை, அதிலுள்ள கட்டக்கோட்டு எண்களைக் கொண்டே இடம்பொருத்தி ஏற்றினேன். எங்கள் ஊர் கடலில் விழுந்து கிடக்கிறது. (வாசகர், பண்டாரவளை)

பதில்: தென்மேற்கே, நடுக்கடலில்தானே? இலங்கையில் இரண்டு தேசியக் கட்டக்கோட்டு அமைப்புகள் புழக்கத்தில் உள்ளன. இரண்டுக்கும் தொடக்கம் பிதுருதலாகலை உச்சியை ஒட்டியதே. ஆனால் பழைய கண்டவளை அமைப்பில் அந்தப் புள்ளிக்கு 200000, 200000 என்றும், 1999 அமைப்பில் 500000, 500000 என்றும் மீற்றர் மதிப்புகள் கொடுக்கப்பட்டுள்ளன. பழைய எண்களுக்குப் புதிய அமைப்பைச் சுட்டும் 5235 என்ற இபிஎஸ்ஜி குறியெண்ணைச் சூட்டியிருப்பீர்கள். அதனால் ஊர் மேற்கே 300 கிலோமீற்றரும் தெற்கே 300 கிலோமீற்றரும் தள்ளிப் போயிருக்கிறது. தாளுக்குரிய குறியெண் 5234. அதைக் கொடுத்து மீண்டும் ஏற்றுங்கள்.

எண்களோடு 300000 கூட்டிவிட்டால் போதுமே என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். இரு அமைப்புகளும் வெவ்வேறு அளவைத் தளங்களில் (டேட்டம்) நிற்பவை. கூட்டிய பிறகும் சிறு விலகல் மீதமிருக்கும். ஜிடாலின் ஜிடால்வார்ப் கருவியைக் கொண்டு 5234இலிருந்து 5235க்கு மாற்றுவதே முறை. எஸ்டி_செட்எஸ்ஆர்ஐடி பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றும், எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம்தான் இடத்தைக் கணக்கிட்டு மாற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். மாற்றி முடித்ததும், தாளிலுள்ள ஒரு பாலத்தையோ ரயில் நிலையத்தையோ பிடித்து, அதே இடத்தில் கைபேசியில் எடுத்த ஜிபிஎஸ் புள்ளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.