கணினி கேள்வி–பதில்: துள்ளிவிட்டு மூடிக்கொள்ளும் ஆப்

கேள்வி: சி++ நிரல் ஒன்றை மேக்கில் ‘.ஆப்’ கோப்புறையாகக் கட்டினேன். என் கணினியில் ஓடுகிறது. நண்பரின் மேக்கில் டாக்கில் ஒருமுறை துள்ளிவிட்டு மூடிக்கொள்கிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் நூலகப் பாதைதான் காரணம்; அதாவது, நிரலுக்குத் தேவையான துணைக் கோப்பு (நூலகம்) இருக்கும் இடத்தின் முகவரி. கான்டென்ட்ஸ், அதற்குள் இன்ஃபோ.பிலிஸ்ட், மேக்ஓஎஸ், ரிசோர்சஸ் என்ற அடுக்கு சரியாகவே இருக்கும். இல்லாவிட்டால் உங்களிடமே ஓடியிருக்காது. டெர்மினலில், நிரல் எந்த நூலகங்களை எங்கே தேடுகிறது என்று காட்டும் ‘ஓடூல்’ கட்டளையைப் பெரிய எழுத்து ‘எல்’ சேர்த்து, மேக்ஓஎஸ் கோப்புறையில் உள்ள நிரல்மீது ஓட்டுங்கள். ‘/ஆப்ட்/ஹோம்ப்ரூ’ எனத் தொடங்கும் வரி வந்தால் ஆள் அகப்பட்டான்: நூலகங்களை நிறுவித் தரும் ஹோம்ப்ரூ என்ற கருவி உங்களிடம் இருக்கிறது, நண்பரிடம் இல்லை.

அந்த வரி காட்டும் ‘.டைலிப்’ நூலகக் கோப்பைக் கான்டென்ட்ஸுக்குள் ‘ஃபிரேம்வொர்க்ஸ்’ கோப்புறையில் நகலெடுங்கள். ‘இன்ஸ்டால்_நேம்_டூல்’ கட்டளை கொண்டு நிரலில் உள்ள நூலகப் பாதையை ‘@எக்ஸிகியூட்டபிள்_பாத்/../ஃபிரேம்வொர்க்ஸ்/’ என்று மாற்றுங்கள். நகலெடுத்த நூலகம் இன்னொன்றைக் கூப்பிடக்கூடும். அதன்மீதும் ஓடூலை ஓட்டுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

பாதையைத் தொட்டதும், நிரல் மாற்றப்படவில்லை என்று காட்டும் பழைய டிஜிட்டல் கையொப்பம் செல்லாது. எம்1 முதலான ஆப்பிள் சில்லுகளில் அப்படிப்பட்ட நிரலை சிஸ்டமே உடனே நிறுத்திவிடும். ஆகவே ‘கோட்சைன்’ கட்டளை கொண்டு முதலில் நூலகங்களுக்கும், கடைசியில் முழு ஆப்புக்கும் கையொப்பமிடுங்கள். வரிசை மாறினால் மறுபடி முதலிலிருந்து.

கேள்வி: பயனரின் செட்டிங்ஸ் கோப்பை ஆப்புக்குள்ளேயே வைக்கலாமா?

பதில்: வேண்டாம். உள்ளே எழுதினால் கையொப்பம் கெடும். புதுப் பதிப்பைப் போட்டால் கோப்பும் சேர்ந்து போகும். பயனரின் லைப்ரரி கோப்புறையில் ‘அப்ளிகேஷன் சப்போர்ட்’ இதற்காகவே இருக்கிறது.