சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், பேசப் பொதுமொழி இல்லை

கேள்வி:

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு வணக்கம். ஹங்கேரி நாட்டின் தலைநகர் புடாபெஸ்ட்டில் பணிபுரியும் என் மகன், அந்நாட்டுப் பெண்ணையே மணந்துகொண்டான். மருமகளின் பெற்றோர் மார்கழியில் வந்து எங்கள் வீட்டில் சில வாரங்கள் தங்கவிருக்கிறார்கள். அவர்களுக்கு ஹங்கேரிய மொழி மட்டுமே தெரியும். எனக்கோ தமிழைத் தவிர வேறு மொழி வராது. மகனும் மருமகளும் இடையில் பெங்களூருக்குப் போய்விடுவார்கள். சம்பந்தி அம்மாள் எதிரே நான் பேச்சின்றி நிற்பதை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது, உறக்கமும் வருவதில்லை. உபசரிக்கத் தெரியாத குடும்பம் என்று எண்ணி, அங்கே என் மகனை மதிப்புக் குறைவாக நடத்திவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன்.

– வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மொழி தெரியாததை உங்கள் ஒருவருடைய குறையாக எடுத்துக்கொண்டதிலிருந்தே இந்தப் படபடப்பு தொடங்குகிறது. ஹங்கேரியில் 1989 வரை பள்ளிகளில் ரஷ்ய மொழியே கட்டாயப் பாடமாக இருந்ததால், அந்தத் தலைமுறையினர் பலருக்கு ஆங்கிலம் பழக்கமில்லை. அவர்களுடைய மொழியோ அண்டை நாட்டு ஜெர்மன், ருமேனிய மொழிகளோடு உறவில்லாதது. ஆகவே நீங்கள் எப்படிப் பேசுவது என்று இங்கே தவிப்பதைப்போல, அந்த அம்மாளும் அங்கே தவித்துக்கொண்டிருக்கக்கூடும்.

விருந்தினரை உட்காரவைத்து, ஒரு வேலையும் செய்யவிடாமல் பார்த்துக்கொள்வது நம் வழக்கம். பேச்சுக்கு வழியில்லாத வீட்டில் அந்த உபசாரமே அவர்களுக்குப் பெரும் பாரமாகிவிடும். காலையில் கோலமாவுக் கிண்ணத்தை அவர் கையில் கொடுங்கள், காய் நறுக்கும்போது பக்கத்தில் இடம் போடுங்கள், கடைத்தெருவுக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். கைகள் ஒரே வேலையில் இருக்கும்போது மௌனம் யாரையும் உறுத்துவதில்லை என்பதை என்னிடம் வரும் பல குடும்பங்களில் கண்டிருக்கிறேன்.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். நாம் தலையைப் பக்கவாட்டில் அசைத்துச் சம்மதம் சொல்வோம். அவர்களுக்கு அந்த அசைவு மறுப்பாகும். அவர் கரண்டியைச் சுட்டி, தான் கிளறலாமா என்று சைகையில் கேட்க, நீங்கள் அன்போடு தலையாட்டினால், வேண்டாம் என்கிறீர்கள் என்று எண்ணி மனம் சுருங்கி விலகிவிடுவார். மேலும் கீழுமாக, நன்றாகத் தெரியும்படி அசையுங்கள்.

கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலியில் பேச்சுவழக்கைத் தவிர்த்து, "நீங்கள் நன்றாகத் தூங்கினீர்களா?" என்பதுபோல் சிறு முழு வாக்கியங்களாகச் சொல்லுங்கள். ஹங்கேரிய மொழியில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பதால், பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது பெயரையே சொல்வது நல்லது. சமையலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை: அவர்கள் தாராளமாகச் சேர்க்கும் பாப்ரிகா என்னும் சிவப்பு மிளகாய்ப் பொடி பெரும்பாலும் காரமற்றது, ஆகவே நம் மிளகாயைக் குறைத்துவிடுங்கள், மதிய உணவைச் சூப்போடு தொடங்கும் வழக்கமுள்ளவர்களுக்கு இளம்ரசம் அன்னியமாகத் தோன்றாது.

மகனுடைய மதிப்பைப் பற்றிய அச்சத்தை எனக்கு எழுதியதைப்போல அவனிடமும் சொல்லியிருக்கிறீர்களா? அந்தப் பெற்றோருடன் பழகியவன் அவன்தான். அவர்கள் வருவதற்கு முன்பே தொலைபேசியில் மனம்விட்டுக் கேளுங்கள். அவன் பதில் சொன்ன பின்பும் உறக்கமின்மை நீடித்தால், தயங்காமல் ஓர் ஆலோசகரை நேரில் சந்தியுங்கள்.