துண்டு வேடத்திலிருந்து ராஜபார்ட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எட்டுப் பேர் கொண்ட சிறிய நாடக சபாவில் 3 வருடமாக இருக்கிறேன். தோழன், சேவகன், நம்பிராஜன் என்று துண்டு வேடங்கள்தான் கிடைக்கின்றன. வேறு சபாவுக்குப் போனால் ராஜபார்ட் (நாயகன் வேடம்) கிடைக்குமா? (தேவிபட்டினம் வாசகர்)

பதில்: இப்போது போகாதீர்கள். எட்டுப் பேர் சபாவில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றிரவு அந்த வேடம் காலி. பாடம் தெரிந்தவர்தான் அதைக் கட்டுவார். அந்த ஆளாக நீங்கள் இருக்க வேண்டும்.

நேராக ராஜபார்ட்டான முருகனுக்குத் தாவாமல் முதலில் நாரதரைப் படியுங்கள். 'வள்ளி திருமண'த்தில் வள்ளியோடு நின்று தர்க்கம் பேச வேண்டியவர் அவர். பதில் சொல்லத் திணறினால் கூட்டம் பாயைச் சுருட்டிவிடும். அங்கே தேறியவருக்கு, முருகன் வேடனாக வந்து வள்ளியோடு பேசும் தர்க்கம் பயமாக இராது. 'அரிச்சந்திரா'வில் அமைச்சர் சத்தியகீர்த்தி, மயானத்துக்கு உரிய வீரபாகு இரண்டும் அதே போன்ற படிக்கட்டுகள்.

நோட்டில் உங்கள் வசனத்தை மட்டும் எழுதுவது பெரிய தவறு. இடது பக்கம் எதிராளி கடைசியாகச் சொல்லும் நான்கு சொற்கள், வலது பக்கம் உங்கள் பதில். பாட்டு வரும் இடத்தில் ராகம், தாளம், எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) மூன்றையும் குறியுங்கள். பாட்டு சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டிலேயே தொடங்குகிறதா, அரை இடம் தள்ளியா என்பது மிருதங்கக்காரருக்குத் தெரிந்தால் போதாது, உங்களுக்கும் தெரிய வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது விருத்தம் முடிந்து பாட்டு தொடங்கும் இடத்தில்தான். விருத்தத்துக்குத் தாளம் கிடையாது. கைதட்டலுக்காகக் கடைசி அடியை இழுத்துக்கொண்டே போனால், எங்கே முடிக்கிறீர்கள் என்று பக்கவாத்தியத்துக்குப் புரியாது. நீங்கள் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். கடைசிச் சீரில் குரலை இறக்கி, ஆர்மோனியத்தின் பக்கம் ஒரு பார்வை. அவ்வளவு சைகை போதும்.

பாடம் ஏறியதும் சபாக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பங்குனிப் பொங்கல் போன்ற பெரிய இரவைக் கேட்காமல், சின்ன ஊர் நாடகம் ஒன்றைக் கேளுங்கள். அன்று ஆர்மோனியக்காரர் உங்களோடு பழகியவராக இருப்பது முக்கியம்.

ஸ்பெஷல் நாடகத்துக்கு அதற்குப் பிறகு போகலாம். அங்கே ராஜபார்ட், ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் எல்லாரையும் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். ஒத்திகை இல்லை, ஒப்பனை அறையில்தான் முதல் சந்திப்பாகக்கூட இருக்கும். ஒத்திகை பார்க்க ஆட்கள் கூடவே இருக்கும் சபாவை, பாடம் முடியும் முன்னே விட்டுவிடுவது உங்களுக்குத்தான் நஷ்டம். டி.கே.எஸ். சகோதரர்களை எண்ணிப் பாருங்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் 1918இல் சிறுவர்களாகச் சேர்ந்தவர்கள், 1925இல் சொந்தச் சபாவே தொடங்கினார்கள்.

கேள்வி: இரவு 2 மணிக்கு மேல் குரல் கம்மிவிடுகிறது. பனங்கற்கண்டு, மிளகு எதுவும் கேட்கவில்லை. (கீழக்கரை வாசகி)

பதில்: எந்தக் கட்டையில் (சுருதி அளவில்) பாடுகிறீர்கள் என்று எழுதவில்லை. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க 5, 5½ கட்டையில் பாடினார்கள். மைக் வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. உங்கள் குரலுக்கு வசதியான சுருதியை ஆர்மோனியக்காரரோடு உட்கார்ந்து கண்டுபிடியுங்கள். அரைக் கட்டை இறக்கினாலே விடியும்வரை தாங்கும். முதல் பாட்டிலேயே முழுத் தொண்டையையும் செலவழிப்பவரால் 'அரிச்சந்திரா'வின் மயான காண்டத்தில் அரிச்சந்திரன் மனைவி சந்திரமதியின் புலம்பலைத் தூக்க முடியாது.

கடலோர ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. எதிர்காற்று மைக்கில் மோதிப் புஸ்புஸ்ஸென்று இரையும். தன் குரல் தனக்கே கேட்காமல் கத்திவிடுவோம். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காலமோ வடக்கிலிருந்து அடிக்கும் வாடைக் காலமோ, அன்றைக்கு அடிக்கும் காற்று மேடையின் முதுகில் படும்படி பந்தல் போடச் சொல்லுங்கள். மைக்குக்கு ஸ்பான்ஜ் உறை போடுங்கள். ஈரக்காற்றில் மிருதங்கத் தோலும் தளர்ந்து சுருதி இறங்கும், நடுவில் ஒருமுறை சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல், ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் இரண்டு வாய். தொண்டையைக் கனைத்துக் கனைத்துச் சரிசெய்யாதீர்கள். கம்மிய குரலில் கிசுகிசுப்பதும் ஓய்வாகாது, பேசாமல் இருப்பதே ஓய்வு. கம்மல் 3 வாரம் தாண்டினால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் கட்டாயம் போங்கள்.

கேள்வி: மீசை பாதி நாடகத்தில் கழன்றுவிடுகிறது. (தொண்டி வாசகர்)

பதில்: பசை ஒட்டாததற்குக் காரணம் அடியில் இருக்கும் எண்ணெய். மேலுதட்டில் மட்டும் பூச்சைத் துடைத்து எடுத்துவிட்டு, தோல் காய்ந்ததும் ஸ்பிரிட் கம் மெல்லியதாகத் தடவுங்கள். உடனே ஒட்டாதீர்கள், விரலால் தொட்டால் இழுக்கும் பதம் வந்த பிறகு மீசையை வைத்து, ஈரத்துணியால் அரை நிமிடம் அழுத்துங்கள். கழற்றும்போது பிய்க்காமல் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிடுங்கள்.

கேள்வி: கிராமியக் கலைஞர்களுக்கு அரசு விருது எந்த வயதில்? (மண்டபம் வாசகர்)

பதில்: மாவட்டக் கலை மன்ற விருதுகள் வயதுவாரியானவை. 18 வரை கலை இளமணி, 19 முதல் 35 கலை வளர்மணி, 36 முதல் 50 கலைச் சுடர்மணி, 51 முதல் 65 கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. ஆடிய நாடகங்களின் நோட்டீஸ், புகைப்படங்களை இன்றிலிருந்தே தேதிவாரியாகக் கோப்பில் சேருங்கள். விண்ணப்பிக்கும்போது தேடி அலைய வேண்டியிராது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் இன்னும் பதியவில்லை என்றால் அதை முதலில் செய்யுங்கள்.