பவுடர் டப்பா இருக்கட்டும், முதலில் ஃபெரிட்டின் பாருங்கள்

கேள்வி: தர்மபுரியில் விடுதியில் தங்கிக் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 800 மீட்டர் ஓடுகிறேன். எடை 50 கிலோ. இரண்டு மாதமாகக் கடைசி 200 மீட்டரில் கால் கனத்துப்போகிறது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஹீமோகுளோபின் 12.3, நார்மல் என்றார்கள். சீனியர்கள் புரோட்டீன் பவுடரும் இரும்பு மாத்திரையும் வாங்கச் சொல்கிறார்கள். ராகிக் களி சாப்பிட்டாலே போதும் என்கிறார் அம்மா. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு யார் சொல்வதையும் வேண்டாம். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்பது கணக்கு. உங்கள் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வந்தது அதனால்தான். ஆனால் ரத்தத்தில் ஓடும் இரும்பு வேறு, உடல் சேர்த்துவைத்திருக்கும் இரும்பு வேறு. சேமிப்பு கரைந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற பரிசோதனை. 15-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. ஓட்டக்காரர்களுக்கு 30-க்குக் கீழே போனாலே நான் கவனிப்பேன். சளி, காய்ச்சல் இருக்கும்போது எடுக்காதீர்கள், அளவு பொய்யாக ஏறிக் காட்டும்.

குறைவு என்று தெரிந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை. பார்க்காமலே போட்டுக்கொள்வது தப்பு. மிஞ்சிய இரும்பை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி கிடையாது. கடும் பயிற்சி முடிந்து மூன்று மணி நேரம் போனால் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கும். அதனால் காலைப் பயிற்சிக்கு முன்போ, முடிந்த அரை மணிக்குள்ளோ போடுங்கள். தினமும் போட்டு வயிறு படுத்தினால், ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று கேளுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

அம்மாவின் களிக்கு வருவோம். நூறு கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு, எலும்புக்கு அருமை. இரும்பு அவ்வளவு இல்லை. இருப்பதையும் தானியத்திலேயே இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள், உடலில் சேரவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். ராகியை முளைகட்டி அரைத்தால் அந்தப் பிடி தளரும். களிக்குக் கீரைக் கடைசல் வைத்து, எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். ஆனால் விடுதியில் டிபன் தட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு டம்ளர் டீ வைப்பார்களே, அதுதான் பெரிய வில்லன். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

சரி, பவுடர். உங்கள் எடைக்கு நாளைக்கு 70 கிராம் புரதம் போதும். பாதி, மெஸ் சாப்பாட்டிலேயே வந்துவிடும். மீதிக்கு இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, மாலையில் கொள்ளுச் சுண்டல். டப்பா விலையில் இவற்றைப் பல வாரம் சாப்பிடலாம். அதோடு, லேபிளில் இல்லாத தடைசெய்யப்பட்ட மருந்து சில பவுடர்களில் கலந்திருக்கும். தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் சோதனையில் சிக்கினால், தெரியாமல் குடித்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

அப்புறம், நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று: மாதவிடாய். அதிகமாகப் போனால் இரும்பு அங்கேதான் போகிறது. மூன்று மாதமாக வரவில்லை என்றால், ஓடும் அளவுக்கு நீங்கள் சாப்பிடவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். இரண்டில் எதுவானாலும் ஃபெரிட்டின் ரிப்போர்ட்டோடு மகளிர் மருத்துவரையும் பாருங்கள்.